எந்த ஊர்த் தமிழ்? யார் வீட்டுத் தமிழ்?

வெளிமாநிலத்தில் இரண்டு தமிழர்கள் முதல் தடவை சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படிப் போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "நீங்க தமிழா?" என்பது முதல் கேள்வி. "ஊர்ல எங்க?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எதிரில் இருப்பவர் 'ஆத்துல' என்றாரா 'வீட்டுல' என்றாரா, 'அவா' என்றாரா 'அவுக' என்றாரா, 'சாதம்' என்றாரா 'சோறு' என்றாரா என்பதை அதற்குள் நம் காது குறித்து வைத்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷப் பேச்சில் ஊர், சாதி, படிப்பு, அப்பா பார்த்த வேலை எல்லாவற்றுக்கும் மனசு ஒரு கணக்குப் போட்டு முடித்துவிடும்.

காது அப்படித்தான் வேலை செய்யும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் காது கேட்டதை வைத்துக்கொண்டு மனசு என்ன தீர்ப்பு எழுதுகிறது என்பது வேறு விஷயம். நம் நாவல்கள் இதை எப்படிக் கையாண்டிருக்கின்றன, நம்மைப் போன்ற சங்கங்களின் மேடைகளில் இது என்ன பாடு படுகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நன்னூல் கண்ட குழு

மனிதன் எந்தக் கூட்டத்தோடு பழகுகிறானோ அந்தக் கூட்டத்தின் பேச்சு அவனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு மேல்நாட்டு மொழியியல் வேண்டியிருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்று சொல்லப்படுகின்றன: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்ட உதாரணங்கள் நினைவிருக்கலாம். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள். ஒரு குழுவுக்குள் இருப்பவருக்கு மட்டும் புரிகிற சொல் குழூஉக்குறி.

இதில் கவனிக்கத்தக்க விஷயம், இந்த மூன்றையும் 'தகுதி' என்ற ஒரே தலைப்பின் கீழ் இலக்கணக்காரர்கள் வைத்ததுதான். சபையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல்வது, அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது, வெளியாளுக்குத் தெரியாமல் சொல்வது ஆகிய மூன்றுமே யார் எதிரில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை. அதாவது, சொல்லை வாய் மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை, எதிரே நிற்பவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறார். குழுவின் பேச்சு என்றால் சொற்பட்டியல் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. யாரிடம் எதைச் சொல்லலாம், யார் முன்னால் குரலை உயர்த்தலாம், யார் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்ற நடத்தையும் அதற்குள் அடக்கம்.

பிற்காலத்தில் இதை அறிவியலாகச் செய்தவர்கள் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஜூல் ப்ளோக் 1910இலேயே தமிழில் சாதியும் பேச்சும் என்பது பற்றிக் கட்டுரை எழுதினார். 1960களில் ஏ.கே.ராமானுஜன், வில்லியம் பிரைட்டோடு சேர்ந்தும் தனியாகவும், பிராமணர் தமிழையும் பிராமணரல்லாதார் தமிழையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரே ஊரில், ஒரே தெருக்கோடியில் வாழ்ந்தும் பேச்சு ஏன் தனித்தனியாக நிற்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. பதில் நமக்குத் தெரியாததா என்ன? சேர்ந்து சாப்பிடாதவர்கள், சம்பந்தம் வைத்துக்கொள்ளாதவர்கள் பேச்சும் சேர்வதில்லை.

'வட்டார வழக்கு' யாருக்கு?

இனி நாவல்களுக்கு வருவோம். தமிழ் விமர்சனத்தில் 'வட்டார இலக்கியம்' என்று ஒரு அலமாரி உண்டு. ஆர்.ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) அதில் முதல் வரிசையில் இருக்கும். கி.ராஜநாராயணன், பூமணி, தோப்பில் முஹம்மது மீரான், நாஞ்சில் நாடன், பெருமாள்முருகன் ஆகியோர் எல்லோரும் அந்த அலமாரிதான். சரி. தி.ஜானகிராமனின் 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' இரண்டும் எந்த அலமாரியில் இருக்கின்றன? அவற்றில் வருவது தஞ்சாவூர், கும்பகோணத்துப் பிராமண வீடுகளின் பேச்சு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பேச்சு எவ்வளவு வட்டாரமோ, அவ்வளவு வட்டாரம் இதுவும். ஆனால் யாரும் தி.ஜா.வை வட்டார எழுத்தாளர் என்று சொல்லக் கேட்டதில்லை. அவர் வெறுமனே 'எழுத்தாளர்'.

இது தி.ஜா.வின் குற்றம் அல்ல. அவர் தமக்குத் தெரிந்த காதுக்கு உண்மையாக எழுதினார்; அதற்காகவே அவரைக் கொண்டாடுகிறோம். குற்றம் அலமாரியை அடுக்கியவர்களுடையது. எந்தக் குழு பத்திரிகையிலும் வாசகர் வட்டத்திலும் பெரும்பான்மையாக இருந்ததோ, அந்தக் குழுவின் பேச்சு 'தமிழ்' ஆயிற்று. மற்றவையெல்லாம் 'வழக்கு' ஆயின. கண்ணாடி போட்டிருப்பவருக்குத் தன் மூக்கில் இருப்பது தெரியாது, எதிராளியின் கண்ணாடிதான் தெரியும்.

நாம் இன்று 'பொதுத் தமிழ்' என்று சொல்கிற பேச்சும் வானத்திலிருந்து குதித்தது அல்ல. படித்த பிராமணரல்லாதாரின் பேச்சை அடிப்படையாகக் கொண்டு நாடகம், வானொலி, சினிமா வழியாகப் பரவியது அது என்று மொழியியலார் பலரும் சொல்வார்கள். அதுவும் ஒரு குழுவின் பேச்சுதான். குழு பெரிதாகிவிட்டதால் குழு என்று தெரியவில்லை, அவ்வளவே.

இந்த அடுக்கை முதலில் அசைத்துப் பார்த்தவர் கி.ரா. 1982இல் அவர் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே கொண்டுவந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத ஒரு விவசாயி, பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை நண்பர்களின் துணையோடு செய்தார். அதைவிட முக்கியம், அவர் வீட்டு மொழி தெலுங்கு என்பது. 'கோபல்ல கிராமம்' (1976), தெலுங்கு நாட்டை விட்டுத் தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதை. வந்தேறிகளின் பேரன்தான் கரிசல் தமிழுக்குச் சொல்லகராதி செய்தவன்! வெளிமாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இருக்கும் நமக்கு இதில் பெரிய ஆறுதலும் பாடமும் இருக்கின்றன. பேச்சு ரத்தத்தில் வருவதில்லை. யாரோடு உழுதோம், யாரோடு சந்தைக்குப் போனோம் என்பதிலிருந்து வருகிறது.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆ.மாதவனையும் இங்கே சொல்ல வேண்டும். சாலைக் கடைத்தெருவில் தாமே கடை வைத்திருந்தவர். அவர் கதைகளில் வரும் சுமைகூலிகளும் வியாபாரிகளும் பேசுவது தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பேச்சு. அதைக் 'கெட்டுப்போன தமிழ்' என்று மாதவன் நினைத்திருந்தால் அந்தக் கதைகளே இருந்திருக்காது. சாலைத் தெரு என்ற ஒரு குழு இருந்தது, அதற்கு ஒரு பேச்சு இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பெரிய அசைவு பாமாவின் 'கருக்கு' (1992). அதுவரை பெரும்பாலான நாவல்களில் பாத்திரங்கள் கொச்சையாகப் பேசுவார்கள், கதை சொல்கிற ஆசிரியர் மட்டும் சுத்தமாக எழுதுவார். மேற்கோள்குறிக்குள் ஒரு தமிழ், வெளியே ஒரு தமிழ். திண்ணையில் ஆசிரியரும் வாசகரும் உட்கார்ந்திருக்க, பாத்திரங்கள் கீழே முற்றத்தில் நிற்பது மாதிரி. பாமா அந்தத் திண்ணையை இடித்துவிட்டார். கதை சொல்பவரே தம் தெருவின் பேச்சில் சொல்கிறார். அன்று சிலர் "இதெல்லாம் இலக்கியமா, வாசிக்கவே கஷ்டமா இருக்கே" என்று முகம் சுளித்ததுண்டு. வாசிக்கக் கஷ்டமாயிருந்தது சொல்லா, சொன்னவர் நின்ற இடமா என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கேட்பவர் மாறினால் பேச்சும் மாறும்

வட்டார நாவல் என்றாலே நல்ல நாவல் என்று நான் சொல்ல வரவில்லை. பிற்காலத்தில் வந்த பல நாவல்களில் வழக்குச் சொற்கள் கல்யாண வீட்டுத் தோரணம் போலத் தொங்குகின்றன. பக்கத்துக்குப் பத்து 'எலே', பன்னிரண்டு 'ஏனுங்க'. ஒரு பாத்திரம் பெண்டாட்டியிடம் பேசுவதும், மாமனாரிடம் பேசுவதும், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவிடம் பேசுவதும் ஒரே மாதிரி இருந்தால், எழுதியவர் சொல்லைப் பொறுக்கியிருக்கிறாரே தவிர மனிதனைக் கேட்கவில்லை என்று அர்த்தம். ஏனென்றால் எந்த மனிதனுக்கும் ஒரே ஒரு பேச்சு கிடையாது.

இதைப் பற்றி அழகான ஆய்வு ஒன்று உண்டு. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் போவது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு விலைக் கடை. நாலாவது மாடியில் இருக்கிற ஒரு பொருளைப் பற்றி ஊழியர்களிடம் கேட்டார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வந்ததும், காதில் விழாதது போல மறுபடி கேட்டார். 'ர்' என்ற ஒலியை அழுத்திச் சொல்வது அந்த ஊரில் கௌரவம். உயர்ந்த கடை ஊழியர்கள்தான் அதை அதிகம் சொன்னார்கள். ஆனால் இரண்டாவது முறை சொல்லும்போது, நடுத்தரக் கடை ஊழியர்கள் 'ஃப்ளோர்' என்பதன் கடைசி 'ர்' ஒலியில் உயர்ந்த கடைக்காரர்களை ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிட்டார்கள்! நடுவில் நிற்பவருக்குத்தான் தன் பேச்சைப் பற்றிய கவலை அதிகம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நம் குடும்பங்களில் பாதி அந்த நடுத்தரக் கடைதானே?

இந்த நுணுக்கத்தைப் பிடித்த தமிழ் நாவல்கள் உண்டு. நாஞ்சில் நாடன் 1970களில் பம்பாய்க்கு வேலைக்கு வந்தவர். நம்மவர் என்றே சொல்லலாம். அவருடைய முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' (1977). ஏழைப் பட்டதாரி ஒருவன் பணக்கார வீட்டில் பெண் எடுத்துவிட்டுப் படும் பாடு. இங்கே மாமனாரும் மருமகனும் ஒரே சாதி, ஒரே நாட்டுப்புறம், ஒரே பேச்சு. 'ஊர்ப் பேச்சு' என்ற அளவில் இருவருக்கும் வித்தியாசமே கிடையாது. ஆனால் யார் வாயைத் திறக்கலாம், யார் மென்று விழுங்க வேண்டும் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. குழு என்பது சாதியோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இந்த நாவல் அமைதியாகக் காட்டிவிடுகிறது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இதையே இன்னொரு முனையிலிருந்து காட்டுகிறது. ஆரோக்கியம் ஒரு வண்ணாத்தி. அவள் துணி வெளுப்பது தாழ்த்தப்பட்டவர்களின் காலனிக்கு. ஊரால் ஒதுக்கப்பட்ட அவர்கள் முன்னால் அவள் இன்னும் ஒரு படி கீழே நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவளுடைய பணிவை அவளுடைய சுபாவம் என்று வாசகர் நினைத்தால் நாவலை வாசிக்கவில்லை என்று பொருள். அது அந்த அடுக்கில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட பேச்சு. வேறு பேச்சு அவளுக்கு அனுமதிக்கப்படவில்லை.

தில்லியில் வாழ்ந்த ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' (1980) முற்றிலும் வேறு உலகம். கிராமம் இல்லை, வழக்குச் சொல் அகராதி தேவையில்லை. கல்லூரி, நண்பர் கூட்டம், பெண்கள், பெற்றோர் என்று ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு வேஷம் கட்ட வேண்டியிருக்கிற இளைஞன், தான் வேஷம் கட்டுவதைத் தானே பார்த்துக்கொண்டு பேசுகிறான். ஊரை விட்டு வந்தால் குழுவின் பிடி விட்டுப்போகும் என்று நினைப்பவர்கள் ஆதவனைப் படிக்க வேண்டும். ஒரு பெரிய குழுவுக்குப் பதிலாக ஏழெட்டுச் சின்னக் குழுக்கள் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன.

ரயில் பாதைக்கு இருபுறமும்

நான் இருக்கும் மும்பையையே எடுத்துக்கொள்கிறேன். மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். நடுவில் ஓடுவது ரயில் பாதைதான். மாட்டுங்காவுக்குச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ஆபீஸ் வேலைக்கு வந்த குடும்பங்கள் வந்தன. தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் பிற உழைப்புக்கும் வந்த மக்கள் வந்தார்கள். பல பத்தாண்டுகள் ஆகியும் இந்த இரண்டு தமிழும் கைகுலுக்கிக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஒருவருக்கு 'அத்திம்பேர்', இன்னொருவருக்கு 'மச்சான்'. ஒருவருக்கு 'சாத்தமுது', இன்னொருவருக்கு 'ரசம்'. முஸ்லிம் வீடுகளில் குழம்பு 'ஆணம்' ஆகும். அண்ணன் 'காக்கா' ஆவார். ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் ஒரு தண்டவாளத்தைத் தாண்டவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் ஊர் ஏக்கமாகப் போய்விடும். தங்கள் பேச்சை வேண்டுமென்றே உதறியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஊரில் அறுபது வயதிலும் சின்னப் பையன்களால் 'வாடா போடா' என்று கூப்பிடப்பட்ட ஒருவரின் மகன், இங்கே பஸ்ஸில் எல்லோரையும் போல 'பாய் சாப்' என்று அழைக்கப்படும்போது எவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருக்கும்! அவர் தன் தெருவின் பேச்சை மறைத்துப் பொதுத் தமிழுக்கு மாறினார் என்றால் அது போலித்தனம் அல்ல, தற்காப்பு. 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்ததும், 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்ததும், 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' போய்த் 'திருமண அழைப்பிதழ்' வந்ததும் சும்மா நடந்தவை அல்ல. மக்கள் கூடி முடிவு செய்து சொல்லை மாற்றினார்கள், அதனால் நடத்தையும் கொஞ்சம் மாறிற்று. குழு பேச்சை உண்டாக்குகிறது என்பது பாதி உண்மை. பேச்சை மாற்றிக் குழுவையும் அசைக்கலாம் என்பது மறுபாதி.

ஆகவே எல்லாச் சொல்லையும் மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரைக் கீழே நிறுத்துவதற்கென்றே பிறந்த சொற்கள் உண்டு. அவை செத்தால் சாகட்டும். நாவலில் இருந்தால் போதும், நம் வாயில் வேண்டாம்.

நம் மேடையில் சிரிப்பது யார்?

இப்போது நம் சங்கங்களுக்கு வருகிறேன். வெளிமாநிலத் தமிழ் அமைப்புகளின் ஆண்டுவிழா நாடகங்களை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். கதாநாயகன் பொதுத் தமிழ் பேசுவான். அப்பா கொஞ்சம் இலக்கணத் தமிழ் பேசுவார். வேலைக்காரன் வந்து "இன்னா சார்" என்றோ "என்னலே" என்றோ ஆரம்பித்ததும் அரங்கம் கொல்லென்று சிரிக்கும். வசனத்தில் நகைச்சுவை ஏதும் இருக்காது. பேச்சே நகைச்சுவை. அரங்கத்தின் பின்வரிசையில் உண்மையாகவே அப்படிப் பேசுகிற குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

இன்னொன்று. ஒரு குழந்தைகள் பேச்சுப் போட்டியில், "எங்க அப்பத்தா வெஞ்சனம் நல்லா வைப்பாங்க" என்று ஒரு சிறுமி சொன்னாள். 'வெஞ்சனம்' என்பது தவறு, 'கூட்டு, பொரியல்' என்று சொல்ல வேண்டும் என்று நடுவர் திருத்தினார். தெற்குச் சீமையில் தொட்டுக்கொள்ளும் கறிக்கு அதுதான் சொல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. திருத்தப்பட்டது ஒரு சொல்தான். ஆனால் அந்தக் குழந்தை வீட்டுக்கு எடுத்துப் போனது, 'அப்பத்தா பேசுவது தப்பு' என்ற செய்தியை. அடுத்த முறை அவள் தமிழில் பேசவே யோசிப்பாள். இந்தியில் பேசினால் யாரும் திருத்தப் போவதில்லையே!

நம் பிள்ளைகள் தமிழை விடுவதற்கு இந்தியும் இங்கிலீஷும் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது முழு உண்மையா? வீட்டில் கேட்ட தமிழை மேடையில் பேசினால் கேலி. மேடையில் கற்ற தமிழை வீட்டில் பேசினால் பாட்டிக்கே சிரிப்பு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் நைஸாக நழுவிவிடுகிறார்கள். அவர்கள் தங்களுக்குள் "லைட் பந்த் பண்ணு, ஜல்தி வா" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். மாதவனின் சாலைத் தெருவை ரசித்து வாசிக்கும் நமக்கு, நம் சொந்த சொசைட்டி காம்பவுண்டில் ஒரு புதுக் குழுவும் அதற்கொரு புதுப் பேச்சும் பிறப்பது காதில் விழுவதில்லை.

என் யோசனை சிறியது. அடுத்த ஆண்டு மலரில், கவிதைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே நாலு பக்கம் ஒதுக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் மட்டும் வழங்கும் பத்துச் சொல்லை எழுதித் தரட்டும். அமிச்சி, ஆச்சி, வாப்பா, மன்னி எல்லாம் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில் அச்சாகட்டும். சொல்லுக்குப் பக்கத்தில் பொருளோடு நிறுத்தாமல், அதை யார் யாரிடம் சொல்வார்கள் என்றும் எழுத வேண்டும். அப்போது எந்தச் சொல் அன்பாக வந்தது, எந்தச் சொல் அதிகாரமாக வந்தது என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள். கி.ரா. கரிசல் காட்டில் செய்ததில் நூறில் ஒரு பங்கு இது.

அத்தோடு அடுத்த ஆண்டு நாடகத்தில் கதாநாயகனுக்கே நெல்லைப் பேச்சோ, கொங்குப் பேச்சோ, தாராவிப் பேச்சோ கொடுத்துப் பார்க்கலாம். முதல் காட்சியில் அரங்கம் பழக்கதோஷத்தில் சிரிக்கும். மூன்றாவது காட்சியில் அவன் அழும்போது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.